ஆண்டறிக்கை: ஆனிக் காற்றில் பருவத்தின் முதல் சைக்கிள் சாலைப் பந்தயம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நம் சைக்கிள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் உரிய காலத்தில் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள் வழக்கம்போல் நடந்தன என்பதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியைப் பருவத்தின் முதல் சாலைப் பந்தயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். நம் உறுப்பினர்களின் பயிற்சியில் எது குறைகிறது என்பதை அந்த ஒரு காலைப்பொழுது தெளிவாகக் காட்டிவிட்டது என்பது என் கருத்து.

பந்தயத்தை ஆனி மாதக் கடைசி ஞாயிறன்று வைத்ததற்குச் சிலர் ஆட்சேபம் தெரிவித்திருந்தனர். தை மாதத்தில் வைத்தால் காற்றும் வெயிலும் தொந்தரவு செய்யாது என்பது அவர்கள் வாதம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து வீசுவதால்தான் நம் பகுதியில் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக்காற்றைப் பற்றிய பழமொழியை உடுமலைக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாநில அளவிலான போட்டிகளுக்குப் போக விரும்புவோர் அதற்கு முன் ஒரு பந்தயமாவது ஓட்டியிருக்க வேண்டும் என்பதாலும், காற்றில்லாத நாளில் கற்க முடியாத ஒன்றைக் காற்றுள்ள நாளில்தான் கற்க முடியும் என்பதாலும், செயற்குழு தேதியை மாற்றவில்லை.

பந்தயப் பாதை உடுமலைக்கு வெளியே தொடங்கி, பல்லடம் சாலையில் வடக்கே சென்று, குடிமங்கலம் நால்ரோட்டில் தாராபுரம் சாலைக்குத் திரும்பி, கிழக்கே சிறிது தூரம் ஓடி, வந்த வழியே மீள்வதாக அமைக்கப்பட்டது. மேற்குக் காற்றுள்ள நாளில் இப்பாதையின் சிறப்பு என்னவென்றால், வடக்கே போகும்போது இடப்பக்கத்திலிருந்து பக்கக் காற்றும், கிழக்கே திரும்பியதும் பின்காற்றும், மீளும்போது முதலில் எதிர்க்காற்றும், பிறகு வலப்பக்கக் காற்றும் என நால்வகைக் காற்றையும் ஒரே பந்தயத்தில் சந்திக்க நேரும். சாலை முழுவதும் நமக்காக மூடப்படவில்லை என்பதால், நடுக்கோட்டைத் தாண்டுவோர் தகுதியிழப்பர் என்று காவல்துறை அனுமதி பெற்ற நாளிலேயே அறிவித்திருந்தோம்.

புறப்படும் முன் நடந்த சோதனையில் இருவரின் ஹேண்டில் பார் முனையில் மூடி இல்லை. விழுந்தால் திறந்த குழாய் உடலில் குத்திக் கிழித்துவிடும் என்பதால் தக்கை வைத்து அடைத்து, மேலே டேப் சுற்றிய பிறகே அனுமதித்தோம். இன்னொருவரின் பின் டயரில் சீமைக்கருவேல முள் ஒன்று ஒடிந்து புதைந்திருந்தது. அதைப் பிடுங்கியதும் டியூபிலிருந்து காற்று சீறிய சத்தம் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. ஹெல்மெட் விதியைத் தளர்த்தக் கோரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2003 மார்ச்சில் பாரிஸ்-நீஸ் போட்டியில் ஹெல்மெட் அணியாமல் விழுந்த ஆந்திரே கிவிலேவ் இறந்த பிறகுதான் சர்வதேச சைக்கிள் சங்கம் அதைக் கட்டாயமாக்கியது. தொழில்முறை வீரர்களுக்கே பொருந்தும் விதியை நாம் தளர்த்துவதற்கில்லை.

இனி, முதன்முறையாகப் போட்டியிட்ட ஓர் உறுப்பினரின் பந்தயத்தை, அவரது இசைவுடன் பெயர் குறிப்பிடாமல் விவரிக்கிறேன். நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் இளைஞர் அவர். வேலை முடிந்த கையோடு திருமூர்த்தி மலைச் சாலையில் தனியாகவே ஓட்டிப் பழகியவர். கால் பலத்தில் சங்கத்தில் அவருக்கு இணையானோர் சிலரே. கொடி அசைந்ததிலிருந்து அவர் முன்னாலேயே ஓட்டினார். சமதரையில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே செலவாகிறது. வேகம் கூடக்கூட அதற்கான ஆற்றல் வேகத்தின் மும்மடியாக, அதாவது வேகம் இரட்டித்தால் எட்டு மடங்காக, ஏறுகிறது. முன்னால் போகிறவரின் மறைவில் ஒட்டிச் செல்பவரோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பை மிச்சப்படுத்துகிறார். பின்னால் இருந்தவர்கள் அவர் செலவில் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள்.

தென்னந்தோப்புகள் முடிந்து காற்றாலைகள் தொடங்கும் வெட்டவெளிக்கு வந்ததும் அனுபவசாலிகள் ஆறு பேர் அவரைக் கடந்து இடப்பக்க ஓரத்தைப் பிடித்தனர். பக்கக் காற்றில் மறைவு நேர் பின்னால் கிடைப்பதில்லை, சற்று வலப்புறமாகக் குறுக்கே கிடைக்கும். ஆகவே முதல் ஆள் ஓரத்திலும், மற்றவர்கள் ஒருவர் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் அடுத்தவர் முன்சக்கரம் வருமாறு சாய்வாகவும் அணிவகுத்தபோது, ஆறாவது ஆளோடு நடுக்கோடு வந்துவிட்டது. ஏழாவதாக நின்ற நம் இளைஞருக்கு அந்த அணியில் இடமில்லை. நடுக்கோட்டின் மேலேயே, மறைவே இல்லாமல், ஆறாமவரின் பின்னால் அவர் ஓட்ட வேண்டியதாயிற்று. சக்கரம் உரசினால் விழுவது பின்னால் வருபவரே என்ற அச்சத்தில் அவர் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டார். அது சில நிமிடங்களில் பத்து மடங்கானது. காற்று தள்ளிய தள்ளலில் ஒரு கையை எடுத்துத் தண்ணீர் பாட்டிலைத் தொடக்கூட முடியவில்லை என்றும், நால்ரோட்டுத் திருப்பத்துக்குப் பிறகே முதல் வாய் தண்ணீர் குடித்ததாகவும் சொன்னார். பின்காற்றில் வேகம் 50-ஐத் தொட்டும் இடைவெளி குறையவில்லை. முன்னால் போனவர்களுக்கும் அதே காற்றுதானே.

மீளும்போது எதிர்க்காற்றில் தனியாகத் திணறிய அவரைப் பின்னாலிருந்து வந்த மூவர் பிடித்தனர். அவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியரான மூத்த உறுப்பினர், “தம்பி, மூச்சு வாங்கற வரைக்கும் இழுக்காதீங்க, அதுக்கு முன்னாலயே ஒதுங்கிப் பின்னால வந்துருங்க” என்று சொல்லி, முறை வைத்து முன்னே போகும் பழக்கத்தை அந்தச் சாலையிலேயே கற்றுக்கொடுத்தார். நால்வரும் சேர்ந்தே முடித்தனர். மாதக்கணக்கில் தனியாக ஓட்டிக் கிடைக்காதது இளைஞருக்கு அந்தக் கடைசி அரை மணியில் கிடைத்தது.

புகார்கள் இரண்டு வந்தன. கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்தவருக்கு, அவரோடு ஓட்டிவந்த கூட்டத்தின் நேரத்தையே தர வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை; அவ்விதி பல நாள் சுற்றுப் போட்டிகளுக்கு உரியது, ஒருநாள் பந்தயத்துக்கு அல்ல. வீடியோ எடுக்க வந்த நண்பரின் பைக்குக்குப் பின்னால் மறைந்து ஓட்டியவரைத் தகுதிநீக்கம் செய்த முடிவும் மாற்றப்படவில்லை.

சர்வதேச விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச சைக்கிள் எடையான 6.8 கிலோவை எட்டுவதற்காக நம்மில் சிலர் செலவிடும் பணத்தைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. மேடே இல்லாத சாலையில் அரைக் கிலோ குறைவதால் ஆவது சொற்பம். பக்கக் காற்றைப் பிடிக்கும் உயரமான கார்பன் ரிம்மை முன்சக்கரத்தில் மாட்டி வந்த ஒருவரைக் காற்று இருமுறை மண்ணில் இறக்கியதையும் எல்லோரும் பார்த்தோம்.

எனவே வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள் இவை. முதன்முறை போட்டியிடுவோர் குழுவாக ஓட்டும் பயிற்சிக்கு நான்கு ஞாயிறுகளாவது வந்திருந்தால் மட்டுமே பந்தய எண் வழங்கப்படும். அப்பயிற்சியை மூத்த உறுப்பினர்கள் முறை வைத்து நடத்துவர். புதியவர்கள் தனிப் பிரிவாகப் பத்து நிமிடம் கழித்துப் புறப்படுவர். பந்தயம் ஆனி மாதத்திலேயே தொடரும்.

இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானங்களை நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்