அம்மிணிக்கு, சின்ன பொக்லைன் பற்றி

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய போட்டோ எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயிண்ட் பளபளவென்று லட்சணமாகத்தான் இருக்கிறது. "சைனா மிஷின்ப்பா, வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டாய். வாங்கு. ஆனால் வந்த அன்றைக்கே மண்ணில் இறக்கிவிடலாம் என்று நினைத்து வாங்காதே. முக்கால்வாசி வேலை முடிந்த வண்டி என்று நினைத்து வாங்கு. மிச்சக் கால்வாசியை நீயும் மாப்பிள்ளையும் உங்கள் கையால் முடிக்க வேண்டும். அதற்குப் பொறுமை இருந்தால் இந்த விலைக்கு இது நல்ல சாமான். பொறுமை இல்லையென்றால் ஜப்பான் கம்பெனியான குபோட்டாவின் பழைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடி, இல்லை தேவைப்படும்போது வாடகைக்கு எடு.

போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

இந்த ஒரு டன் வண்டிகளில் நிறைய, சீனாவின் ஷான்டாங் மாகாணத்து ஜினிங் நகரத்திலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வருகின்றன. புல்டோசர் செய்கிற ஷான்டுயி கம்பெனியின் தலைமையிடம் அங்கேதான். ஜப்பானின் கோமாட்சுவும் அதனுடன் சேர்ந்து அங்கே தொழிற்சாலை நடத்துகிறது. பெரிய கம்பெனிகளைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்துவிட்டன. நம் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் கட்டுகிற மாதிரியே என்று வைத்துக்கொள். ஒருவர் சேஸிஸ் வெல்டிங், ஒருவர் சிலிண்டர், ஒருவர் ஹோஸ். இன்னொருவர் எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டித் தன் பெயரை ஒட்டி விற்பார். அதனால்தான் நீ பார்த்த மூன்று பிராண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் பெயருக்கு மதிப்புக் கொடுக்காதே. உள்ளே என்ன எஞ்சின், என்ன பம்ப், என்ன வால்வ் என்று பார். ரிக் வாங்க வருகிறவர்களிடம் நான் காலமெல்லாம் சொன்னதும் இதுதான்.

எஞ்சினில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 13.5 குதிரைசக்தி பெட்ரோல் என்று எழுதியிருக்கிறாய். 420 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிர்கிற எஞ்சின். மில்வாக்கி கம்பெனிக்காரர்களுடையது, உங்கள் வட கரோலினாவில் பாகம் சுலபமாகக் கிடைக்கும். மூன்று சிலிண்டர் குபோட்டா டி722 டீசல் போட்ட வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீரில் குளிர்வது, அதிர்வும் குறைவு. ஆனால் விலை வெகுவாக ஏறிவிடும், உன் தோட்ட வேலைக்கு அது கட்டாயம் இல்லை. பெயர் தெரியாத சீன டீசல் மட்டும் வேண்டாம். அதைவிட முக்கியம், எஞ்சின் மேல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான ஈபிஏவின் புகைக் கட்டுப்பாட்டு ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் போட்டோ கேட்டு வாங்கு. அந்தச் சான்று இல்லாத எஞ்சினை அங்கே இறக்குமதி செய்வதே சட்டவிரோதம். நாளைக்கு விற்க நினைத்தாலும் அது தலைவலி.

ஏலத்தில் எடுப்பதாக இருந்தால் ஏலக் கமிஷன், வரி, லாரி வாடகை மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கு. அதற்கு மேல் ஆயில், ஃபில்டர், கூலர், ஹோஸ் என்று கொஞ்சம் பணத்தைத் தனியாக எடுத்து வை. அந்தப் பணத்தையும் வண்டியின் விலை என்றே கணக்குப் போடு.

சரி, வண்டி வந்து இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஸ்பேனர். மேல்பாகம் சுற்றுகிற பெரிய வளையத்தின் போல்ட்டுகள், ட்ராக் மோட்டார் போல்ட்டுகள், எஞ்சின் மவுண்ட், இதையெல்லாம் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கையால் இறுக்கிப் பார்த்துத் திருப்தி அடையாதே. 8.8 கிரேடு, 12 மில்லி போல்ட் என்றால் சுமார் 80 நியூட்டன் மீட்டர் தாங்கும். போல்ட் தலையில் இருக்கும் கிரேடு எண்ணைப் பார்த்து அட்டவணைப்படி இறுக்கு. அதிர்வில் கழன்று வருபவற்றுக்கு மரையைப் பிடித்து வைக்கிற பசையான நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு. அப்புறம் ஒவ்வொரு பின்னுக்கும் கிரீஸ் அடி. நிப்பிளில் அடித்தால் மட்டும் போதாது, பின்னின் இரண்டு ஓரத்திலும் பழையது வெளியே வருகிறதா என்று பார். வரவில்லையென்றால் வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பின்னைக் கழற்றி வழியைத் திறந்துவிடு. வறண்ட பின், தான் உட்காரும் புஷ் என்கிற உலோக வளையத்தைச் சீக்கிரமே தின்றுவிடும்.

இனி ஆயில். இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் வண்டி சாவது பெரும்பாலும் அழுக்கால்தான். கட்டிய இடத்தில் வெல்டிங் பொறி, கிரைண்டிங் தூசி, ஹோஸ் வெட்டிய ரப்பர்த் துகள் எல்லாம் டேங்கிலும் குழாயிலும் தங்கியிருக்கும். இந்தச் சின்ன வண்டிகளில் இருப்பது கியர் பம்ப். இரண்டு பல்சக்கரமும் உறையும் தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் ஓடுகின்றன. அதற்குள் ஒரு இரும்புத் துகள் போனால் கோடு விழும். கோடு விழுந்தால் ஆயில் பின்னால் கசியும். கசிந்தால் சூடு ஏறும், சக்தி இறங்கும். வால்வுக்குள் நகர்ந்து ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்பூல் என்கிற தண்டுக்கும் இதே கதிதான். அதனால் கம்பெனியில் ஊற்றிய ஆயிலை நம்பாதே. வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டி வெதுவெதுப்பாக்கி, எல்லாவற்றையும் வெள்ளைத் துணி வழியாக வடித்து எடு. துணியில் என்ன தங்குகிறது, காந்தத்தில் என்ன ஒட்டுகிறது என்று எனக்குப் போட்டோ அனுப்பு. பால் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டேங்கின் உள்ளே கையை விட்டுத் துடை. பஞ்சு பிரிகிற துணியால் துடைக்காதே. உள்ளே, பம்ப் ஆயிலை உறிஞ்சுகிற சக்ஷன் பக்கத்தில் இருக்கிற வடிகட்டியைக் கழற்றிக் கழுவு.

டேங்க்கை மட்டும் காலி செய்தால் பழைய ஆயிலில் பாதிதான் போகும், மிச்சம் சிலிண்டரிலும் ஹோஸிலும் இருக்கும். எனவே புது ஆயில் ஊற்றி ஒரு பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு ஒருமுறை மாற்றிவிடு. நம் ஊர் வெயிலுக்கு நாங்கள் 68 நம்பர் ஆயில் ஊற்றுவோம். வட கரோலினா குளிருக்கு அது கெட்டி. 46 சரியாக இருக்கும். கடுங்குளிரிலும் ஓட்டுவதாக இருந்தால் 32. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மண்ணைத் தோண்டாதே, மெதுவான ஓட்டத்தில் விட்டு ஆயில் இளகட்டும்.

ஆயில் டேங்க்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் லைனில் நல்ல ஃபில்டர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்று போடு. இந்த வண்டிக்கு நீ செய்யப்போகும் மேம்பாடுகளில் முதலிடம் இதற்குத்தான். எஞ்சின் ஆயிலையும் முதல் ஐந்து, எட்டு மணி நேரத்துக்குள் மாற்றிவிடு.

இரண்டாவது, சூடு. காற்றில் குளிர்கிற எஞ்சினை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்து, பக்கத்திலேயே ஹைட்ராலிக் டேங்க்கையும் வைத்துவிடுகிறார்கள். எஞ்சின் ஊதும் அனல் நேராக டேங்க்கில் அடிக்கும், இல்லையென்றால் ஓட்டுகிறவர் முதுகில் அடிக்கும். ஒரு தகடு வளைத்துத் தடுப்பு வைத்து அனலை வெளியே திருப்பிவிட்டாலே நிறைய வித்தியாசம் தெரியும். கூலர் இல்லாத வண்டியாக இருந்தால் 12 வோல்ட் ஃபேன் வைத்த ஆயில் கூலர் ஒன்று வாங்கு. அதை ரிட்டர்ன் லைனில் மட்டும்தான் இணைக்க வேண்டும். அழுத்தம் போகிற லைனில் இணைத்தால் வெடித்துவிடும். குளிரில் கெட்டியான ஆயில் கூலரைப் பிளக்காமல் இருக்க ஒரு பைபாஸ் வால்வும் சேர்த்துப் போடு. ஆயில் 60 டிகிரி செல்சியஸ் பக்கம் நின்றால் எனக்கு நிம்மதி. 82 தாண்டினால் சீல் கெட்டிப்பட ஆரம்பிக்கும். டேங்க்கில் ஒரு வெப்பமானி வைத்துவிடு, விலை ஒன்றும் அதிகமில்லை.

இப்போது மாப்பிள்ளை சொன்ன விஷயம். அழுத்தம் எல்லை மீறாமல் காக்கிற ரிலீஃப் வால்வைத் திருகிப் பிரஷரை ஏற்றினால் தோண்டும் சக்தி கூடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கூடும்தான். ஆனால் செய்ய வேண்டாம். பம்ப், ஹோஸ், சிலிண்டர் வெல்டிங், பூம் என்கிற பெரிய கையின் தகடு எல்லாமே ஒரு அளவுக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. இந்த வகை வண்டிகள் பொதுவாக 160, 180 பார் (bar) அழுத்தத்தில் இருக்கும். முதலில் ஒரு கேஜ் மாட்டி, கையேட்டில் சொன்ன அழுத்தம் வருகிறதா என்று பார்க்கட்டும். குறைவாக இருந்தால் அந்த அளவுக்குக் கொண்டுவரலாம், அதற்கு மேல் ஒரு திருகு கூட வேண்டாம். மரவேர் அறுபடவில்லையென்றால் சுற்றிலும் தோண்டிப் பக்கெட் பல்லால் ஒவ்வொன்றாக எடுக்கட்டும். ஒரு டன் வண்டிக்கு அதுதான் முறை. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், நான் சொன்னேன் என்றே சொல்லு.

லீவரைத் தொட்டால் வண்டி குதிக்கிறது என்று வீடியோவில் பார்த்தேன். விலை குறைந்த வால்வுகளின் சுபாவம் அது. பாதி எஞ்சின் வேகத்தில் பழகு. பூம் இறங்கும்போது தடாலென்று விழுந்தால், அந்தச் சிலிண்டரின் அடிப்பக்க லைனில் ஒருவழிக் கட்டுப்படுத்தி ஒன்று போடலாம். ஏறும்போது முழு ஓட்டம், இறங்கும்போது மட்டும் மெதுவாக. சுற்றுகிற மோட்டாருக்கும் இதுபோல ஏற்பாடு உண்டு. இந்த இரண்டையும் செய்துவிட்டால் வேறு வண்டி மாதிரி இருக்கும்.

ஹோஸ் மாற்ற நேர்ந்தால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போ. அங்கே வழக்கம் 37 டிகிரி கோணத்தில் உட்காரும் ஜேஐசி என்கிற அமெரிக்க வகை ஃபிட்டிங். இந்த வண்டிகளில் பெரும்பாலும் மெட்ரிக் மரை, சிலவற்றில் பிஎஸ்பி என்கிற பிரிட்டிஷ் குழாய் மரை. மரை ஏறிவிட்டது என்பதால் பொருந்திவிட்டது என்று நினைக்காதே. உட்காரும் முகத்தின் கோணம் மாறினால் கசிந்துகொண்டே இருக்கும். ஒன்றோடொன்று உரசும் இடங்களில் நைலான் உறை போடு.

கட்டைகளைப் பக்கெட்டோடு சேர்த்துப் பிடிக்க, கட்டைவிரல் மாதிரி இருக்கும் தம்ப் வேண்டும் என்றாய். கையால் பின் மாற்றுகிற சாதா தம்ப் போதும். வெல்டிங் செய்யும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் செய்யும் துண்டிலேயே மாட்டச் சொல். தூரத்தில் சேஸிஸில் மாட்டினால் கரண்ட் பின்கள் வழியாகவும் சுழல் வளையத்தின் குண்டுகள் வழியாகவும் பாய்ந்து அவற்றைப் பொறித்துவிடும். நல்ல வெல்டர்களே இதில் அலட்சியமாக இருப்பார்கள்.

இனிமேல் சொல்வது உன்னைப் பற்றி, வண்டியைப் பற்றி அல்ல. ஹோஸ் கசிகிறதா என்று ஒருநாளும் கையால் தடவிப் பார்க்காதே. ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரிடும். அட்டையைக் காட்டிப் பார். அப்படி ஏதாவது பட்டுவிட்டால் நேராக எமர்ஜென்சிக்குப் போய் உயர் அழுத்த ஆயில் உள்ளே போய்விட்டது என்று தெளிவாகச் சொல். கழற்றுவதற்கு முன் பக்கெட்டைத் தரையில் வை, எஞ்சினை நிறுத்து, லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்று.

தோண்டுவதற்கு முன், மண்ணுக்கடியில் போகும் லைன்களைக் குறித்துத் தருகிற 811 என்ற போன் எண்ணுக்குக் கூப்பிடு, சில வேலை நாட்கள் முன்னதாகவே. இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள்: சிவப்பு கரண்ட், மஞ்சள் கேஸ், நீலம் குடிநீர். மீட்டரிலிருந்து உன் கொட்டகைக்குப் போகிற சொந்த லைனை அவர்கள் குறிக்க மாட்டார்கள், அதை நீதான் தேடி வைக்க வேண்டும்.

இந்த வண்டி ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல் வரை தோண்டும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிப்படி ஐந்தடி, அதற்கு மேல் ஆழமான பள்ளத்தில் முட்டுக்கொடுக்காமலோ ஓரத்தைச் சரிக்காமலோ யாரும் இறங்கக் கூடாது, கெட்டிப் பாறையாக இருந்தால் ஒழிய. உன் சொந்த நிலத்தில் கேட்க ஆள் இல்லை என்றாலும் அதை அப்படியே பின்பற்று. ஒரு கனமீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னுக்கு மேல், உன் வண்டியைவிடக் கனம். இடுப்பளவுக்குச் சரிந்தாலே மூச்சு விட முடியாது. உங்கள் ஊர்ச் செம்மண் காயும்போது கல் மாதிரி நிற்கும், ஒரு மழைக்குப் பிறகு நம்ப முடியாது. பையனைப் பக்கத்திலேயே விடாதே.

அகலம் குறைந்த வண்டி, பக்கவாட்டில் கையை நீட்டிக் கனம் தூக்கினால் சாய்ந்துவிடும். சரிவில் நேராக ஏறு, நேராக இறங்கு, குறுக்கே ஓட்டாதே. தோண்டும்போது பிளேடைத் தரையில் ஊன்று. மேலே இருக்கும் கூரை வெயிலுக்கானதா, கவிழ்ந்தால் தாங்குகிற சட்டமா என்று கேட்டுத் தெரிந்துகொள். தாங்குகிற சட்டம் என்றால் பெல்ட் போடாமல் உட்காராதே.

உன் அம்மாவுக்கு நீ மிஷின் ஓட்டப்போகிறாய் என்பதில் பயமும் பெருமையும் சேர்ந்து இருக்கிறது. எனக்குப் பெருமை மட்டும்தான். சின்ன வயதில் பட்டறையில் ஸ்பேனர் சைஸ் சொல்லிச் சொல்லி எடுத்துக் கொடுப்பாயே, அந்தக் கை இதைச் செய்யும்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று போட்டோ அனுப்பு: எஞ்சின் ஸ்டிக்கர், பம்ப்பின் பெயர்த்தகடு, வால்வ் பிளாக்கின் பின்பக்கம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்கிற வீடியோவும் வேண்டும், சத்தத்தோடு. பம்ப்பில் கூழாங்கல் உருள்கிற மாதிரி சத்தம் வந்தால் சக்ஷன் பக்கம் காற்று இழுக்கிறது, இல்லை அடைப்பு இருக்கிறது. அதைச் சரிசெய்து காட்டச் சொல்லிவிட்டு மேலே பேசலாம். ஞாயிற்றுக்கிழமை உன் காலை நேரத்தில் கூப்பிடு, கேஜ் எங்கே மாட்டுவது என்று மாப்பிள்ளைக்குப் படம் போட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா