ஒரு பிடி கம்பும் ஒரு கட்டு விறகும்: நன்றி மடல்

அன்பும் மதிப்பும் நிறைந்த ஊர்ப் பெரியோர்களுக்கும், எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கும், உடன் நின்று உதவிய நல்லுள்ளங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெருந்தலைவர் காமராசரின் பிறந்த நாளான கடந்த ஜூலை 15 அன்று, அவருடைய பொதுத்தொண்டுக்கு அஞ்சலியாகப் பள்ளி வளாகத்தில் நாம் நடத்திய நினைவுக் கண்காட்சியும் மூத்த மாணவர் சந்திப்பும் எண்ணியதைவிடச் சிறப்பாக நிறைவேறின. மேடையில் சிலர் பெயரை மட்டுமே சொல்ல நேரம் இருந்தது. எஞ்சியவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியை எழுத்தில் வைப்பதற்காகவே இம்மடல்.

முதல் நன்றி, பள்ளி மதிய உணவு தொடங்கிய காலத்தில் இங்கே படித்து, இன்று எழுபத்தைந்து வயதைக் கடந்து நிற்கும் எங்கள் மூத்த மாணவர்களுக்கு உரியது. காமராசர் 1954 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சர் ஆனார், அரை நாள் கல்வித் திட்டத்தைக் கைவிட்டார், மூடப்பட்ட பள்ளிகளைத் திறக்கச் செய்தார், பசியால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போகக் கூடாது என்று 1956இல் மதிய உணவைத் தொடங்கினார் என்பதெல்லாம் புத்தகத்தில் படித்து நாம் அறிந்தவை. அந்தச் சோறு நம் ஊருக்கு எந்த வழியாக வந்தது என்பதை நீங்கள் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். செலவில் ஒரு பங்கை அரசு ஏற்க, மறு பங்கை ஊர்மக்கள் ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு, நெல் விளையாத இந்தக் கரிசல் காட்டில் எவ்வளவு பெரிய சுமையாக இருந்திருக்கும் என்பதை நான் இதற்கு முன் எண்ணிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஒரு பிடி கம்போ சோளமோ எடுத்து வைத்ததையும், வாரம் ஒரு முறை அதைத் திரட்டிச் சந்தையில் விற்று அரிசி வாங்கியதையும், தானியம் கொடுக்க இயலாத வீடுகள் ஒரு கட்டு விறகைப் பள்ளி வாசலில் போட்டுவிட்டுப் பேசாமல் போனதையும் நீங்கள் விவரித்தபோது, பதிவு செய்துகொண்டிருந்த இளைஞர்கள் கேள்வி கேட்பதையே மறந்துவிட்டார்கள்.

தன் தாயார் அந்தச் சோற்றை ஆக்கிப் போட்டவர் என்று சொன்ன பாட்டியம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்பதை ஊரில் சிலர் முதலில் ஏற்கவில்லை என்பதையும், அன்றைய ஆசிரியர் ஒருவர் தாமே அந்த வரிசையின் நடுவில் இலை போட்டு உட்கார்ந்த பிறகு முணுமுணுப்பு அடங்கியது என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். கண்காட்சியில் பலர் நெடுநேரம் நின்று கேட்டது அந்தக் குரல் பதிவைத்தான்.

இங்கே என் மனத்தில் பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காமராசரைப் பற்றிப் பேசும்போது அவருடைய எளிமையைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். வாடகை வீட்டில் வாழ்ந்தார், தமக்கென்று சொத்துச் சேர்க்கவில்லை என்பன உண்மை, வணங்கத் தக்கவை. 1963இல் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்ததும், அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்து அடுத்தடுத்து இரண்டு பிரதமர்கள் அமைவதற்குத் துணை நின்றதும் வரலாறு. ஆனால், சிறுவயதிலேயே பள்ளிப் படிப்பை விட நேர்ந்த ஒரு மனிதர், அரசின் பணம் மட்டும் போதாது என்று தெரிந்தும் திட்டத்தைத் தள்ளிப்போடாமல், ஊரையே நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தாரே, அந்தத் துணிவைத்தான் நான் அவருடைய பொதுத்தொண்டின் உயிர் என்று கருதுகிறேன். அவருக்குத் தோள் கொடுத்த பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களும், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மேசை, நாற்காலி, கரும்பலகை, சீருடை என்று அள்ளிக் கொடுத்த பெயர் தெரியாத ஊர்மக்களும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார்கள். ஆகவேதான் கண்காட்சியில் தலைவரின் படத்துக்கு அருகிலேயே நம் ஊர்க் கொடையாளர்களின் பெயர்ப் பலகையையும் வைத்தோம்.

அந்தப் பெயர்களைப் பழைய வருகைப் பதிவேடுகளிலிருந்தும் குறிப்பேடுகளிலிருந்தும் தேடி எடுக்க, கோடை விடுமுறை முழுவதும் பள்ளியைத் திறந்து வைத்த தலைமையாசிரியைக்கும், செல்லரித்த தாள்களைப் பொறுமையாகப் படியெடுத்த கல்லூரி மாணவியர் இருவருக்கும் எவ்வளவு சொன்னாலும் தகும். பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி வைத்தவர், வெளியூரிலிருந்து பணம் அனுப்பியவர்கள், குடிநீர் தந்த இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி. மாலையில் பெய்த மழையில், யாரும் சொல்லாமலே படங்களை மார்போடு அணைத்து வகுப்பறைக்குள் கொண்டு சேர்த்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நான் மறக்க மாட்டேன்.

1982இல் சத்துணவாக விரிந்த அத்திட்டத்தின் இன்றைய பணியாளர்களான எங்கள் அமைப்பாளரும் சமையலரும், அன்று வந்த எல்லோருக்கும் தாங்களே பொறுப்பேற்றுச் சமைத்தார்கள். மூத்தவர்கள் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து உண்டார்கள். அப்போது பேச முடியாமல் நின்ற எனக்கு, அந்த இரு அம்மையாருக்கும் இப்போதுதான் நன்றி சொல்ல முடிகிறது.

வரவு செலவுக் கணக்கு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. மீதித் தொகைக்கு, கொடையாளர்கள் விரும்பியபடி, பள்ளி நூலகத்துக்குப் புத்தகங்கள் வாங்கப்படும். கண்காட்சிக்குப் பொருள்களும் புகைப்படங்களும் தந்தவர்கள், பள்ளி நாள்களில் மாலை நான்கு மணிக்கு மேல் வந்து அவற்றைப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். தாம் சோறு வாங்கி உண்ட நசுங்கிய அலுமினியத் தட்டைத் தந்த பெரியவர் மட்டும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. பள்ளியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அது இப்போது சத்துணவுக் கூடத்தின் சுவரில், பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே மாட்டப்பட்டிருக்கிறது.

நன்றியுடன்,
விழாக் குழுவின் சார்பில்,
பள்ளியின் முன்னாள் மாணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியருமான ஒருவர்