மண் பரிசோதனை அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள்

தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் விஞ்ஞானிகளுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். சென்னையில் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் வடிவமைத்துக் கொடுக்கும் பொறியாளர் நான். சென்னை, கோவை நகரங்களின் நிலநடுக்க நுண்மண்டல ஆய்வை, அதாவது நகரின் எந்தப் பகுதி எவ்வளவு அதிரும் என்று பிரித்துக் காட்டும் ஆய்வை, நீங்கள் கையில் எடுத்ததில் எனக்கு நிறைய மகிழ்ச்சி. அதையொட்டி ஒரு கோரிக்கை.

போன மாதம் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு மனையில் மண் பரிசோதனைக்குத் துளை போட்டோம். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க சுத்தியல் எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும். மேல் களிமண்ணில் மூன்றே சுத்தியல் அடியில் இறங்கிவிட்டது. பரங்கிமலைப் பக்கம் என்றால் கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டி, சுத்தியல் துள்ளும். இரண்டு இடத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.

அந்த அடி எண்ணிக்கையை வைத்து, நில அதிர்வின் குறுக்கலை (மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டும் அலை) அந்த மண்ணில் என்ன வேகத்தில் போகும் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். நிலநடுக்க அலைகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் உங்கள் சிமுலேஷனுக்குத் தீனியே அந்த வேகம்தான். நொடிக்கு 200 மீட்டர் வேகம் உள்ள மண்ணில் 10 ஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்து முறை ஆடும்) அலையின் நீளம் 20 மீட்டர். அதைச் சரியாகப் பிடிக்க, நிலத்தைச் சுமார் 4 மீட்டர் கட்டங்களாக வெட்ட வேண்டும். கட்ட அளவைப் பாதியாக்கினால், மூன்று திசையிலும் கட்டங்கள் இரட்டிப்பாகி, நேரப் படிகளும் இரட்டிப்பாவதால், கணக்கு 16 மடங்காகும். சரி, அதற்குப் பெரிய கணினி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த வேகத்தைப் போடுவது? துளைகள் தூரம் தூரமாக இருந்தால் இடையில் உள்ளதெல்லாம் ஊகம்தான்.

மண்ணைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், 1985இல் மெக்சிகோ நகரம் இடிந்தபோது நிலநடுக்க மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. பழைய ஏரிப்படுகையின் களிமண், இரண்டு நொடிக்கு ஒருமுறை ஆடும் அலையைப் பெருக்கிவிட்டது. நடுத்தர உயர மாடிக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. சில கிலோமீட்டர் தள்ளி, கெட்டி நிலத்தில் இருந்தவை பெரும்பாலும் தப்பின.

தெற்கு கலிபோர்னியாவில் நிலத்தடி வேக மாதிரியை (எந்த இடத்தில், எந்த ஆழத்தில் அலை என்ன வேகத்தில் போகும் என்ற தொகுப்பை) யார் வேண்டுமானாலும் எடுத்து அலைகளை ஓட்டிப் பார்க்கலாம். 2008இல் லட்சக்கணக்கான மக்கள் கலந்துகொண்ட நிலநடுக்க ஒத்திகைக்கு அடிப்படையே அப்படி ஒரு சிமுலேஷன்தான்.

இங்கே கட்டட அனுமதிக் கோப்புகளோடு எத்தனையோ மண் அறிக்கைகள் அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றை உள்ளாட்சி அமைப்புகளிடம் கேட்டு வாங்குங்கள். உரிமையாளர் பெயரை நீக்கி, ஆழமும் அடி எண்ணிக்கையும் மட்டும் பொதுவில் வையுங்கள். அப்புறம் அதிலிருந்து வரும் வேக மாதிரியையும் வெளியிடுங்கள்.

என்னிடம் உள்ள அறிக்கைகளை, உரிமையாளர்களின் ஒப்புதல் வாங்கித் தரத் தயாராக இருக்கிறேன். எந்த வடிவத்தில் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு அஸ்திவாரப் பொறியாளர்