காவல் வீடுகளைக் காட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் வடகிழக்கே உள்ள நியூ இங்கிலாந்தில், ஆங்கிலக் குடியேறிகள் போர்க்காலத்தில் தஞ்சம் புகுந்த பழைய காவல் வீடுகளை அருங்காட்சியகமாக நடத்துவோருக்கு வணக்கம்.

பார்வையாளர் வந்ததும் கீழ்த்தளத்தைத் தாண்டி நீளும் மேல்மாடியைக் காட்டி, "இங்கிருந்து கீழே சுடுவார்கள்" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தனியே எழுப்பிய மரக் கொத்தளங்களுக்கு அது சரி. சாதாரண வீடுகளில் அந்த நீட்டல் இங்கிலாந்துத் தச்சர்கள் கையோடு கொண்டுவந்த வழக்கம், அவ்வளவுதான்.

சுவரையும் அளவோடு புகழுங்கள். மெயின் மாநிலத்து யார்க்கில் உள்ள மெக்கின்டயர் வீட்டில் சதுரித்த கனமான கட்டைகள் மூலையில் புறாவால் பொருத்தில் (புறாவின் வால்போல் விரிந்த முனைகளைக் கோத்து) பூட்டியிருக்கின்றன. அதை 1640களைச் சேர்ந்தது என்று சொல்லி வந்தார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்த கணக்கு 1707 என்கிறது. இத்தகைய சுவரைத் துப்பாக்கிக் குண்டு எளிதில் துளைக்காது. வீடுகள் விழுந்தது வேறு வழிகளில்.

முதலாவது, சுவரின் அடி. துப்பாக்கித் துளை வெளியே குறுகி உள்ளே விரியும். எதிரே உள்ளது தெரியும், சுவரை ஒட்டிக் குனிந்து வருபவர் தெரியமாட்டார். அதற்குத்தான் எதிரெதிர் மூலைகளில் பிதுங்கிய காவல் அறைகள். ஒவ்வொன்றும் தன் மூலையில் சேரும் இரு சுவர்களைப் பார்க்கும், இரண்டும் சேர்ந்தால் நாலு சுவரும் அடங்கும். 1676 பிப்ரவரியில் மாசசூசெட்ஸின் லான்காஸ்டரில் ரோலண்ட்சன் குடும்பத்து வீட்டில் இரண்டில் ஒன்று கட்டி முடியவில்லை. தாக்கிய பூர்வகுடியினர் களஞ்சியத்திலிருந்த சணலையும் ஆளிநாரையும் எடுத்துத் தீ வைத்தார்கள். ஒருவர் துணிந்து வெளியே போய் ஒருமுறை அணைத்தார், மறுமுறை பற்றிக்கொண்டது. 37 பேரில் சாகாமலும் சிறைப்படாமலும் தப்பியவர் ஒருவரே. ஆகவே பார்வையாளரைத் துளையருகே நிறுத்தி, சுவரடியில் வைத்த வாளி தெரிகிறதா என்று கேளுங்கள். களஞ்சியம் நின்ற இடத்தில் முளை அடித்துக் காட்டுங்கள்.

அடுத்தது தண்ணீர். 1675 ஆகஸ்டில் அதே மாசசூசெட்ஸின் புரூக்ஃபீல்டில் ஒரே வீட்டில் சுமார் 80 பேர் அடைந்து கிடந்தார்கள். தண்ணீர் எடுக்க வெளியே போனவர் சுடப்பட்டார். எரியும் வண்டியைச் சுவரை நோக்கித் தள்ளியபோது காப்பாற்றியது மழை. வீட்டுக்குள் ஒரு பீப்பாயாவது வைக்காமல் காவல் வீடு என்று காட்டாதீர்கள்.

பனியோ, வேலியையே ஏணியாக்கிவிடும். 1704 பிப்ரவரியில் மாசசூசெட்ஸின் டியர்ஃபீல்டில் கூர்மர வேலியின் மேல்வரை பனி குவிந்திருந்தது; அதில் ஏறியே பிரெஞ்சுக்காரரும் அவர்களுடைய பூர்வகுடி நேசர்களும் உள்ளே குதித்தார்கள். சிறைப்பட்டோர் 112 பேர். சுவரின் மரச்சட்டங்களுக்கிடையே செங்கல் அடைத்த ஸ்டெபின்ஸ் வீடு மட்டும் மணிக்கணக்காகத் தாக்குப்பிடித்தது.

கதவைப் பற்றிச் சொல்லும்போது கவனம் தேவை. 1689இல் நியூ ஹாம்ப்ஷயரின் டோவரில் இரவுத் தங்கலுக்கு இடம் கேட்டு வந்த பூர்வகுடிப் பெண்கள், தாக்க வந்தவர்களுக்கு உள்ளிருந்தே கதவைத் திறந்தார்கள். "வஞ்சகம்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். 1676இல் அதே ஊரின் படைத்தலைவர் வால்ட்ரன், போலிப் போர் விளையாட்டு என்று அழைத்துப் பூர்வகுடியினர் ஏராளமானோரைப் பிடித்தார். பலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். 1689இல் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். இரண்டு ஆண்டுகளும் ஒரே பலகையில் வர வேண்டும்.

கடைசியாக, ரோட் தீவின் பெருஞ்சதுப்பில் நாரகான்செட் பூர்வகுடி மக்கள் கட்டிய கோட்டையின் வரைபடத்தையும் லான்காஸ்டர் வரைபடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். 1675 டிசம்பரில் சதுப்பு உறைந்ததால் குடியேறிகளின் படை நெருங்க முடிந்தது. அந்தப் படை உள்ளே புகுந்த வழியும், லான்காஸ்டரைப் போலவே, கட்டி முடியாதிருந்த ஒரு மூலைதான்.