மதிப்பெண் போடும் முன் காது கேட்கிறதா என்று கேளுங்கள்

எங்கள் மலை மருத்துவமனைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மனு கொடுத்தேன், நேரிலும் வந்து சொன்னேன். யார் மேலும் நடவடிக்கை கேட்டு இதை எழுதவில்லை. அன்று நைட் டூட்டியில் இருந்த சிஸ்டர் சின்னப் பெண். வார்டு முழுக்க அவர் ஒருத்திதான். தலையில் அடிபட்டவருக்கு நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று மதிப்பெண் போட நீங்கள் அவர் கையில் கொடுத்திருந்த தாளைப் பற்றித்தான் என் பேச்சு.

அப்பாவுக்கு 72 வயது. கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் இலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. மெஷினோடு 31 வருஷம் நின்றவர். அந்த இரைச்சலில் காலம் தள்ளியவர்களுக்குக் காது மந்தமாவது எங்கள் லைன் வீடுகளில் புதுசில்லை. ஐப்பசி மழையில் தோட்டத்துப் படியில் வழுக்கி விழுந்தார், தலையில் அடி. கொண்டுவந்து சேர்க்கும்போது தெளிவாகத்தான் இருந்தார். நான் சீட்டு வாங்க நின்ற நேரத்தில் அவரிடம், "தாத்தா, இது எந்த இடம்?" என்று கேட்டிருக்கிறார்கள். "எழுபத்திரண்டு" என்றிருக்கிறார். "இது என்ன மாசம்?" என்றதற்கு, "மூணு பிள்ளைங்க" என்றிருக்கிறார். கேஸ் ஷீட்டில் 'குழப்பம்' என்று விழுந்தது. மொத்த மதிப்பெண் 15-க்கு 14.

என் தங்கை மகள் நர்சிங் படிக்கிறாள். அவளை உட்காரவைத்து இந்தக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் 1974-ல் வகுத்த 'கிளாஸ்கோ கோமா ஸ்கேல்' என்ற முறை. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. எவ்வளவு மோசமானாலும் 3-க்குக் கீழே போகாது. நல்ல முறைதான். ஆனால் முதலில் போடும் எண் சரியாக இருந்தால்தான் அடுத்த எண்ணுக்கு அர்த்தம். அப்பாவுக்கு வந்தபோது உண்மையில் 15. கேள்வி காதில் விழாததால் பேச்சில் ஒன்று குறைந்து 14 ஆனது.

ராத்திரி பன்னிரண்டுக்கு மேல், செத்துப்போன என் அத்தை பேரைச் சொல்லி அப்பா என்னைக் கூப்பிட்டார். நிஜமான குழப்பம் அதுதான். அதற்கும் பேச்சில் 4, மொத்தம் அதே 14. தாளில் எதுவும் மாறவில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். "வந்ததிலிருந்தே இப்படித்தானம்மா இருக்கார், தூங்கட்டும்" என்றார்கள்.

பிறகு கம்பளி நழுவியது. இடது கையால் மட்டும் இழுத்தார். வலது கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அசைவுக்கு மதிப்பெண் போடும்போது நன்றாக அசைகிற பக்கத்தைத்தான் கணக்கில் எடுப்பார்களாம். இடது கை சொன்னபடி கேட்டால் 6 முழுசாக வந்துவிடும். அதனால்தான் இரண்டு கையின் பிடியையும் தனித்தனியாகப் பார்த்து, டார்ச் அடித்து இரண்டு கண் பாப்பாவும் ஒரே அளவா, ஒரே மாதிரி சுருங்குகிறதா என்று பார்த்து எழுத வேண்டும் என்று தங்கை மகளின் நர்சிங் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தத் தாளில் அதற்கான கட்டங்கள் காலியாக இருந்தன.

காலையில் ஸ்கேன் எடுத்தபோது மூளையின் இடது பக்கம் ரத்தம் கட்டியிருந்தது. மூடுபனியில் மேட்டுப்பாளையம் ரோட்டில் 108 ஊர்ந்து இறங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அப்பாவின் தலையை நான் பிடித்திருந்தேன். கோவையில் ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கை திரும்பவில்லை. இந்தக் குளிரில் ஸ்வெட்டர் பட்டனை நான்தான் போட்டுவிடுகிறேன். போட்டு முடிக்கும்வரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் கேட்பது இவ்வளவுதான். மதிப்பெண் போடும் முன் மூன்று கேள்வி: காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, எந்த மொழி பேசுவார்? கூட வந்தவர்களிடம் கேட்டு, தாளின் முதல் வரியில் எழுதுங்கள். காது கேட்காதவருக்கு எதிரே வந்து, முகம் தெரிய நின்று, மெதுவாகக் கேளுங்கள். எழுதிக் காட்டுங்கள், சைகை காட்டுங்கள். அப்படியும் சோதிக்க முடியாத பகுதியை முடியவில்லை என்றே எழுதுங்கள், எண் போடாதீர்கள்.

மொழியைச் சும்மா சேர்க்கவில்லை. படகர் மொழி மட்டுமே பேசும் பாட்டிகள் இருக்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பணியர்கள், இருளர்கள், குறும்பர்கள் வருகிறார்கள். தெரியாத மொழியில் கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? தொலைந்துவிடும் என்று காதுக் கருவியையும் கண்ணாடியையும் கழற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறீர்கள். பக்கத்துப் படுக்கைப் பையனுக்குத் தலையில் அடிபட்டுக் காதிலிருந்து தண்ணீர் போல வடிந்தது. அது மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம், அடைக்கவே கூடாது, மேலே லேசாக மூடிவைக்க வேண்டும். யாரோ பஞ்சை உள்ளே திணித்திருந்தார்கள்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து கேஸ் ஷீட்டில் அந்த ஒரு வரியை அச்சடித்துக் கொடுங்கள். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, எந்த மொழி. அடுத்த ஐப்பசிக்குள் செய்துவிட முடியுமா என்று எனக்கு ஒரு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு மகள்