கயலுக்கு: பிராட்பரி மலைக்கு எண்ணப் போகும்முன்

அன்புள்ள கயல்,

ஏப்ரல் மூன்றாவது வாரம் பிராட்பரி மலையில் வலசை போகும் வேட்டைப் பறவைகளை எண்ணப் போவதாக எழுதியிருந்தாய். சரியான வாரத்தைப் பிடித்திருக்கிறாய். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து பௌனலில் இருக்கும் அது பேருக்குத்தான் மலை, உயரம் 485 அடி. ஆனால் உச்சி மொட்டைப் பாறை. தெற்கும் கிழக்கும் திறந்து கிடக்கும். வடக்கே போகிற பறவை உன்னைப் பார்த்துத்தான் வரும். 2007 முதல் வசந்தம்தோறும் அங்கே எண்ணுகிறார்கள், மார்ச் 15 தொடங்கி மே 15 வரை.

முந்தின இரவே காற்றைப் பார்த்துவிடு. தென்மேற்குக் காற்று, இளஞ்சூடு, இடையிடையே வெண்மேகம் என்றால் விடுப்பு எடுத்தாவது போ. கிழக்கிலிருந்து கடற்காற்று வந்தால் கதை மாறும். ஏப்ரலில் நிலம் சீக்கிரம் சூடாகும், காஸ்கோ விரிகுடாவின் தண்ணீர் குளிர்ந்தே கிடக்கும். மதியத்துக்கு மேல் அந்தக் குளிர்காற்று உள்ளே புகுந்து, தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றை அமுக்கிவிடும். பறவைகள் உள்நாட்டுப் பக்கம் ஒதுங்கிப் பறக்கும், உன் கண்ணுக்கு எட்டாது. காலையில் நூறு பார்த்துவிட்டு மாலையில் வெறும் வானத்தைப் பார்த்தால் பயப்படாதே, காற்றுத் திசை மாறிய நேரத்தைக் குறித்து வை.

மேகமே இல்லாத நீலவானம் அழகுதான், எண்ணுகிறவருக்கு அதுதான் எதிரி. உயரே போன பறவை நீலத்தில் கரைந்துவிடும். வெற்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணும் தானாகக் கிட்டத்தில் குவிந்துவிடும். ஆகவே பைனாகுலரைத் தூரத்து மரத்திலோ மேக விளிம்பிலோ கூர்மைப்படுத்திக்கொண்டு பிறகு மேலே தூக்கு. அடிவானத்தை ஒட்டி ஒரு வரிசை, அதற்கு மேல் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி இன்னொரு வரிசை, பிறகு தலைக்கு நேர் மேலே. தலைக்கு மேலே பார்க்க மறப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பைனாகுலர் 8x42 போதும். ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) இனத்தின் பேர் கண்டுபிடிக்க உதவும், தேடுவதற்கு அல்ல.

அந்த வாரத்தின் நாயகன் பிராட்-விங்டு ஹாக், அகன்ற சிறகுள்ள ஒரு பருந்து. காக்கை அளவுதான் இருக்கும், மத்திய, தென் அமெரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வருகிறது. வெப்பக் காற்றில் கூட்டமாகச் சுழன்று ஏறும். இந்தச் சுழலை அங்கே கெட்டில் என்பார்கள். சுழல்கிறபோது எண்ணவே எண்ணாதே. கீழிருந்து புதியவை சேரும், ஒன்றையொன்று மறைக்கும், உன் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் வேறாக வரும். காத்திரு. உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாகச் சிறகை மடக்கி, கயிறு பிடித்தாற்போல் ஒரே திசையில் வழுக்கிப் போகும். அப்போது எண்ணு. வானத்தில் ஒரு கோட்டை மனதில் கிழித்துக்கொண்டு, அதைத் தாண்டுகிறதற்கு மட்டும் கிளிக்கரை (கையில் பிடித்து எண்ணும் கருவி) அழுத்து. இதே பறவைகள் அரை மைல் தள்ளி அடுத்த சுழலைக் கட்டும். அதையும் புதுக் கூட்டம் என்று எண்ணினால் கணக்கு இரட்டிப்பாகும். பெரிய கூட்டம் வந்தால் பத்து பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவால் ஓட்டத்தை அள. ஒருவர் எண்ணட்டும், இன்னொருவர் நடுவில் வேறு இனம் கலந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டும் கெடும்.

நிறம் தூரத்தில் தெரியாது, பறக்கிற விதம்தான் பேர் சொல்லும். சிறகை மேல்நோக்கி V ஆக வைத்துத் தள்ளாடினால் டர்க்கி வல்ச்சர் என்கிற பிணந்தின்னிக் கழுகு. பலகை போலத் தட்டையாக வந்தால் வெண்தலைக் கழுகு. மணிக்கட்டில் வளைந்து கடற்காகம் போல ஏமாற்றுவது மீன் பிடிக்கிற விராலடிப்பான். நம் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வருகிற அதே இனம். ஷார்ப்-ஷின்டு, கூப்பர்ஸ் என்று ஒன்றையொன்று ஒத்த இரண்டு ஹாக்குகள்தான் தலைவலி. ஷார்ப்-ஷின்டின் தலை சிறகு வரிசையை ஒட்டியே நிற்கும், கூப்பர்ஸின் தலை முன்னால் நீண்டு தெரியும். சந்தேகமா, 'இனம் தெரியாத அக்சிபிட்டர்' என்று எழுது, இந்த வகை ஹாக்குகளுக்கான பொதுப்பேர் அது. அதற்கென்றே எண்ணிக்கைப் படிவத்தில் இடம் இருக்கிறது. ஊகித்து எழுதிய பேரைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

படிவத்தை மணிக்கு மணி நிரப்ப வேண்டும்: காற்றின் வேகம், திசை, வெப்பநிலை, மேகம், பார்வைத் தூரம், பறக்கும் உயரம், எத்தனை பேர் பார்த்தார்கள். நேரத்தைக் கோடைக் கடிகாரத்தில் எழுதாதே, அதற்கு ஒரு மணி பின்னால் இருக்கும் ஸ்டாண்டர்டு நேரத்தில் எழுது. உன் கைக்கடிகாரம் பத்தரை காட்டினால் அந்தப் பறவை 9–10 கட்டத்துக்குப் போகும். மலையைச் சுற்றியே வட்டமடிக்கிற உள்ளூர் ரெட்-டெயில்டு ஹாக்கைச் சேர்க்காதே.

ஒரு பறவையும் வராத மணிக்கு 0 என்று எழுது. கட்டத்தை வெறுமையாக விட்டால், நீ பார்க்கவில்லையா, பறவை வரவில்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது. பென்சில்வேனியாவின் ஹாக் மலையில் 1934 முதல் எண்ணி வந்ததால்தான், வெண்தலைக் கழுகில் இளம் பறவைகள் குறைந்துபோனது டிடிடி பூச்சிக்கொல்லி தெளித்த காலத்தில் எண்ணாகவே தெரிந்தது. நல்ல நாளில் மட்டும் மலையேறியிருந்தால் அது தெரிந்திருக்காது.

பாறை குளிர் இழுக்கும், உட்கார ஃபோம் பலகை எடுத்துப் போ. மரத்தடி நிழலில் ஏப்ரலிலும் பாதை ஐஸாக இருக்கலாம், செங்குத்தான சம்மிட் பாதையில் பார்த்து இறங்கு. வீடு வந்ததும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு வரை பார்த்துவிடு கண்ணு. பெரிய கெட்டில் வந்த நாளில் எத்தனை மணிக்கு, எந்தக் காற்றில் என்று எழுது.

அன்புடன்,
அப்பா