பால்கனிக் கதவைத் திறந்து வையுங்கள், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

பொங்கலுக்கு வீட்டுக்கு வராமல் எங்கேடா போனாய் என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டுக்கு எதிரேதான் நின்றிருந்தேன். நீங்கள் சாத்தியே வைத்திருக்கும் ஒன்பதாவது மாடிக் கண்ணாடிக் கதவுக்குக் கீழே, 'லேக் வியூ' என்று சொல்லி விற்றார்களே, அந்தப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். மாட்டுப் பொங்கல் காலை ஆறரைக்கே ரேடியல் ரோடு ஓரம் ஆஜர்.

போனது பூநாரை பார்க்க. ஒன்றுகூட இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த படம் எந்த வருஷத்துப் படமோ! புதுப் பைனாகுலர் வேறு மானத்தை வாங்கியது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவதை வாங்கித் தொலைத்தேன். கை நடுக்கமும் பத்து மடங்கு. பக்கத்தில் நின்ற பெரியவர் பார்க்கப் பொறுக்காமல், "தம்பி, பறவையிலிருந்து கண்ணை எடுக்காதீங்க. பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாங்க" என்றார். அப்புறம்தான் எதுவும் சிக்கியது.

புல்லோரம் பழுப்பாக ஒன்று, மழையில் நனைந்த மாமா மாதிரி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. நோட்டில் 'பழுப்புக் கொக்கு 1' என்று எழுதினேன். எழுந்து பறந்ததும் பளீரென்று வெள்ளை. 'வெள்ளைக் கொக்கு 1' என்றும் எழுதிவிட்டேன். பெரியவர் சிரித்துவிட்டார். சிறகு மூடியிருந்தால் முதுகுப் பழுப்புதான் தெரியுமாம், விரித்தால்தான் வெள்ளை. அதன் பெயர் மடையான். அன்றைக்கு அந்தப் பெயர் எனக்குத்தான் பொருந்தியது.

ஆனால் நீலத் தாழைக்கோழியை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். ஊதா கலந்த நீல உடம்பு, சிவப்பு நெற்றி, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீள நீள விரல்கள். ஒரு கோரைத்தண்டை அலகால் பிடுங்கி, ஒரு காலால் கையில் பிடிப்பதுபோல் பிடித்து, உரித்து உரித்து அடிக்குருத்தைத் தின்றது. திண்ணையில் கரும்பு கடிக்கிற பையனேதான். பத்து நிமிஷம் அதை விட்டு நகரவில்லை.

திடீரென்று தண்ணீரில் இருந்த வாத்துகள் மொத்தமும் எழுந்தன. ஏன் என்று விளங்கவில்லை. மேலே சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று, அவசரமே இல்லாமல் கோரைக்கு மேல் தாழப் பறந்து போனது.

நாற்றம், கொசு என்பீர்கள். கொசுவுக்கு என்னிடம் பதில் இல்லை. நாற்றம், பெருங்குடியில் சதுப்பின் மேலேயே வருஷக்கணக்காக நாம் கொட்டிய குப்பையுடையது. தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து தங்கித்தான் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. 2015 டிசம்பரில் உங்கள் கார் பார்க்கிங்கில் இடுப்பளவு நின்றதே, அது வழக்கமாகத் தங்கும் இடத்துக்கு வந்த தண்ணீர். 2007-ல் இதில் ஒரு பகுதியைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள் (மரம் தேடாதீர்கள்). 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நீங்கள் அந்தக் கதவுக்குக் கெட்டியாகத் திரை தைத்துப் போட்டதும் அதே வருஷம்தான்.

சரி, வருகிற சனிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன். காபி மட்டும் போதும், டிபன் எட்டுக்கு மேல் பார்க்கலாம். பால்கனியில் துணிக்கொடியைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வையுங்கள். மாமாவின் வேட்டி மறைக்கும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்